ஆம்பூரில் என் சைக்கிள் சீட்

தனுஷ்கோடியில் சுங்கக்காரர் என் சைக்கிளின் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். உள்ளே எதையாவது ஒளித்திருக்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். பின்னால் நின்ற பயணிகள் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ அவரை உடனே பிடித்துப்போயிற்று. நானும் அதே ரகம். கொழும்பில் ஒரு கம்பெனியில் தோலைத் தரம் பார்ப்பது என் உத்தியோகம். கட்டின் மேலே நல்ல தோலை அடுக்கி, நடுவில் ஓட்டைத் தோலைச் செருகி அனுப்புகிறவர்களோடு பல வருஷம் பழகியவனுக்கு, சாமியே நேரில் வந்தாலும் முதுகுப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத்தான் தோன்றும்.

என்னை ஆம்பூருக்கு அனுப்பியதும் அந்தக் குணத்துக்காகத்தான். அங்கிருந்து கடைசியாக வந்த சரக்கில் கட்டுகளின் நடுவில் இருந்த தோல் சரியில்லை. அடுத்த சரக்கைக் கப்பல் ஏறுமுன் நேரில் போய்ப் பார்த்து வா என்றார்கள்.

சைக்கிளை ஏன் கூடவே கொண்டுபோனேன் என்றால், அதற்கு வேறு காரணம். கொழும்பில் எங்கள் சைக்கிள் கிளப்பில் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு நீலப் பெனியன் கொடுப்பார்கள். அது என்னிடம் ஏழெட்டு வருஷமாக இருக்கிறது. ஆனால் மூன்றாவதாகவும் நாலாவதாகவும் வந்தே எனக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. புறப்படுமுன் கிளப் கப்டன் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒண்டிலயாவது முதலாவதா வந்து காட்டும். இல்லாட்டிப் பெனியனைக் குடுத்திடும். பொடியள் காத்துக்கொண்டு நிக்கிறாங்கள்." ஆம்பூர்த் தோல் முதலாளிகள் சேர்ந்து வேலூர்க் கோட்டையிலிருந்து ஆம்பூர் வரை ஒரு சைக்கிள் பந்தயம் வைக்கிறார்கள் என்றும், நான் அங்கே இருக்கும் வெள்ளிக்கிழமைதான் அது என்றும் எனக்குத் தெரிய வந்திருந்தது. அந்தப் பந்தயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகக் கப்டனும் ஒப்புக்கொண்டார். அந்தப் பெனியனைக் கழற்றிக் கொடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ரயிலில் சைக்கிள் கார்டு வண்டியில் இருந்தது. பெரிய ஸ்டேஷன் வரும்போதெல்லாம் நான் குதித்து ஓடிப்போய் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். எதிரில் லுங்கி மூட்டையோடு உட்கார்ந்திருந்த குடியாத்தத்துக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏன் சார் இப்டி பேஜார் பண்ணிக்கிறீங்க? சைக்கிளு இறங்கி எங்க போய்டப் போவுது?" நல்ல கேள்விதான். ஆனால் என்னை ஓட விடாமல் செய்வதில் இவருக்கு என்ன அக்கறை என்று யோசித்து, என் தோல்பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவே இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஆம்பூர் வருவதை மூக்குதான் முதலில் சொல்லிற்று. தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கடுக்காய், எண்ணெய் எல்லாம் கலந்த வாடை. என் உத்தியோகத்துக்கு மூக்கு முக்கியம். ஒரு தோலை முகர்ந்தே அது எத்தனை நாள் ஊறியது என்று சொல்லுவேன். அந்த மூக்கு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போயிற்று. அதன் பிறகு அங்கே இருந்த நாளெல்லாம் எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

அழைத்துப்போக வந்தவர் யாக்கோபு. டேனரியில் தோலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்து முடிக்கிற கொட்டகைக்கு அவர்தான் மேஸ்திரி. ஒல்லியான உயர்ந்த மனிதர். பட்டைச் சாறு ஏறிக் கைகள் முழங்கை வரை பழுப்பாக இருந்தன. டேனரிக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை. சாப்பாடு யாக்கோபு வீட்டிலிருந்து. "மொதலாளி உங்கள நல்லா பாத்துக்க சொல்லிக்கிறாரு சார்," என்றார். தரம் பார்க்க வந்தவனை எதற்காக நல்லா பார்த்துக்கொள்ள வேண்டும்? நான் சிரித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யாக்கோபு வீட்டார் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு பிரியாணி வந்தது. பொடிப்பொடியான சீரகச்சம்பா அரிசி, பக்கத்தில் புளிப்பாகக் கத்தரிக்காய். கொழும்பில் நாங்கள் சாப்பிடும் புரியாணியில் மணம்தான் முன்னால் வரும், ருசி எங்காவது பின்னால் வரும். இது அப்படி இல்லை. இரண்டாவது கவளத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை ருசியாக, இத்தனை கறித்துண்டுகளோடு, பந்தயத்துக்கு வந்தவனுக்கு ஏன் இலை நிறையப் போடுகிறார்கள்? ஆளைக் கனமாக்கித் தோற்கடிப்பது புது வழி ஒன்றும் அல்லவே. பாதியில் கையை எடுத்துவிட்டேன். யாக்கோபுவின் மனைவி ஞானம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், நல்லா இல்லையா? உப்பு கம்மியா?"

"இல்லை, நல்லா இருக்கு. எனக்குக் காணும்."

எங்கள் ஊரில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கினாலும் மன்னித்திருக்க மாட்டார் என்றுதான் முகம் சொல்லிற்று.

அன்று மாலை யாக்கோபு என்னைக் காதர் பாயின் கடைக்கு அழைத்துப்போனார். காதர் பாய் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர், பழுதும் பார்க்கிறவர். போன தடவைப் பந்தயத்தில் ஜெயித்தவரும் அவர்தான். என்னைவிட நாலைந்து வயது குறைவு. தொடை இரண்டும் உரல் மாதிரி. என் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சீட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"புது ஸீட்டா அண்ணே? பலகை மாதிரி இருக்கே. உக்காந்து பழகிட்டீங்கன்னா சரி."

யாக்கோபுவும் அழுத்திப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "இன்னா சார் இது, இப்டி வெறைச்சுக்கினு கெடக்குது? எங்க கொட்டாயில இருந்து இப்டி ஒரு தோலு வெளிய போச்சுன்னா நான் தெருவுல தலை காட்ட முடியாது."

"இது இங்கிலாந்துச் சரக்கு, மேஸ்திரி."

"செஞ்சவன் உக்காந்து பாத்தானா சார்?"

எதிராளி ஒருவன் என் சைக்கிளைத் தொட்டுப் பார்த்ததே எனக்குப் பிடிக்கவில்லை. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலை வேலூர்ச் சாலையில் முதல் ஓட்டம். இரண்டு பக்கமும் புளியமரம். பக்கத்திலேயே பாலாறு வருகிறது, ஆனால் தண்ணீர் இல்லை. இவ்வளவு அகலமான ஆற்றில் மனிதர்கள் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுப்பதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் களனி கங்கை ஒரு நாள் இப்படிக் கிடந்தால் கொழும்பே பதறிப்போகும். ஆவாரம்பட்டைக் கட்டு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றைத் தாண்டும்போது வண்டிக்காரர் குரல் கொடுத்தார்.

"எங்க இம்மாம் வேகமா?"

"பந்தயத்துக்குப் பழகுறன்!"

"இம்மாம் பெரிய ஆளு, இப்போதான் சைக்கிளு பழகுறியா?" என்று கேட்டுவிட்டு, மாட்டைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று கால் நன்றாகச் சுற்றிற்று. திரும்பி வந்ததும் யாக்கோபு ஒரு துணியோடு நின்றார். "ரோட்டுல தூசி ஜாஸ்தி சார். நான் தொடைச்சு வைக்கிறேன், நீங்க போய்க் குளிங்க." சரி என்று விட்டேன். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வலது முழங்காலின் முன்பக்கத்தில் ஒரு சின்ன வலி. சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அந்த வலி எதைச் சொல்கிறது என்று தெரியும். சீட் தாழ்ந்திருக்கிறது. உட்கார்ந்து குதிகாலை மிதியில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் என் அளவு. வைத்துப் பார்த்தேன். முழங்கால் மடங்கியே இருந்தது.

ஆனால் சீட் தண்டு இறங்கவில்லை. கொழும்பிலேயே ஆணியால் அதில் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். யாராவது கை வைத்தால் தெரிய வேண்டும் என்றுதான். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றிற்று. கோட்டை அழித்துவிட்டு வேறு இடத்தில் புதுக்கோடு கீறியிருக்கிறார்கள். அவ்வளவு கெட்டிக்காரனோடு எனக்குப் போட்டி! சீட்டின் நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்ததையும் பார்த்தேன். புதுத் தோல் என் உடம்புக்கு வளைந்து கொடுக்கிறது என்று அதை விட்டுவிட்டேன். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

தண்டை ஒரு விரல்கடை உயர்த்தினேன். புதன்கிழமை கால் மறுபடி மடங்கிற்று. இன்னும் உயர்த்தினேன். இப்போது சீட்டின் மூக்கு மேலே நின்று, சொல்ல முடியாத இடத்தில் குத்திற்று. ஹாண்டில் எட்டாத பள்ளத்துக்குப் போய்விட்டது. மணிக்கட்டு மரத்தது. முதுகு விண்விண்ணென்று தெறித்தது. இறங்கி நடந்தால் நொண்டினேன். செருப்புக்கடையில் நின்ற ஒருவர் என்னைக் காட்டி மற்றவரிடம், "கொழும்புக்காரரு வெள்ளிக்கிழம ஓட்டப் போறாராம்," என்றார். "எத?" என்று கேட்டார் மற்றவர்.

அன்று மாலை கடைத்தெருப் பக்கம் போனவன், யாக்கோபுவைக் காதர் பாயின் கடையில் பார்த்தேன். இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. காதர் பாய் ஒரு சக்கரத்தை எடுத்துச் சும்மா சுற்றினார். யாக்கோபு கையிலிருந்த எதையோ வேட்டி மடிப்பில் செருகினார்.

எனக்கு இனி என்ன வேண்டும்? துடைக்கிற சாக்கில் சைக்கிளைக் கெடுக்கிறவர் மேஸ்திரி, கெடுக்கச் சொல்கிறவர் எதிராளி. நேரே போய் சைக்கிளை அறைக்குள் ஏற்றிப் பூட்டினேன். துணியோடு வந்த யாக்கோபுவிடம், "இனித் துடைக்க வேண்டாம்," என்றேன்.

"ஒரே ஒரு வாட்டி சார். கொஞ்ச நேரம்தான்."

"வேண்டாம் எண்டு சொன்னன்."

அவர் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது போதுமான சாட்சியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை டேனரியில் கொட்டகை கொட்டகையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மறுநாள் வெள்ளி, ஜும்மா, டேனரிக்கு விடுமுறை. கட்டுகளைச் சனிக்கிழமை பிரித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. முழங்கால் வலியால் மதியத்துக்கு முன்பே அறைக்குத் திரும்பினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே யாக்கோபு என் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஸ்பேனர்.

"என்ர சைக்கிளில என்ன செய்யிறீங்க?"

அவர் எழுந்தார். ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "தொடைக்கலாம்னு," என்றார்.

"ஸ்பேனராலயோ துடைக்கிறது? சாவியை ஆர் தந்தது? நான் இப்பவே முதலாளியிட்டப் போறன்."

கோபத்தில் என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டார். அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு ஞானம்மா வந்தார். புருஷன் நின்ற நிலையைப் பார்த்தார், தூக்கைத் தரையில் வைத்தார்.

"சார், மொதலாளிகிட்ட போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. உங்க ஸீட்டுக்கு எண்ணெ வுட்டாரு. அவ்ளோதான். கொலையா பண்ணிட்டாரு?"

"ஞானம், சும்மா இரு," என்றார் யாக்கோபு.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? தெனமும் சாயங்காலம் தொடைக்கும்போது அடிப்பக்கத்துல புங்க எண்ணெ வுட்டாரு சார். பலகை மாதிரி இருக்குதே, விருந்தாளிக்கு நோவுமேன்னு. மெத்துனு ஆனா தோலு தொங்கிப் போவும்னு அவருக்கு இன்னா தெரியும்? அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் தோலு மெத்துனு இருக்கணும், அவ்ளோதான். நீங்க நொண்டிக்கினு வந்தத பாத்து சோறு எறங்கல அவருக்கு. காதர் பாய்கிட்ட ஓடுனாரு. மூக்குக்கு அடியில ஒரு மரை இருக்கு, அத முடுக்குனா தோலு இழுத்துக்கினு மேல வந்துடும்னு சொல்லி, அவருதான் இந்த ஸ்பேனர குடுத்தாரு. முடுக்கலாம்னு வந்தா நீங்க பூட்டிக்கினீங்க. அதான் டேனரில இருக்கிற இன்னொரு சாவிய எடுத்தாரு."

"என்னட்ட நேரே சொல்லியிருக்கலாமே?"

"எப்படி சார் சொல்றது? தோலு நல்லாக்கீதா கெட்டுப்போச்சான்னு பாக்க வந்தவரு நீங்க. உங்க ஸீட்டையே கெடுத்த மேஸ்திரின்னா, அவரு முடிச்ச தோல நீங்க எடுப்பீங்களா? இல்ல மொதலாளிதான் இவர வேலைல வெப்பாரா?"

நான் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, சீட்டின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினேன். விரல் வழுக்கிற்று. தோலுக்கு எண்ணெயை எப்போதும் சதைப்பக்கத்தில்தான் விடுவார்கள். மேல்பக்கம் கறை படாமல் இருப்பது அதனால்தான். ஊரில் இருக்கிற தோலையெல்லாம் திருப்பிப் பார்க்கிறவன், நான் உட்காருகிற தோலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

யாக்கோபு மரையை முடுக்கினார். நான் பக்கத்திலேயே நின்று, அவர் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், ஸ்பேனர் முடுக்கவும் செய்யும், கழற்றவும் செய்யும் என்றுதான் அப்போதும் யோசித்தேன். தோல் இழுபட்டு மேலே வந்தது. சீட் தண்டைப் பழைய கோட்டுக்கே இறக்கினேன்.

"காதர் பாய் ஒண்ணு சொன்னாரு சார்," என்றார் யாக்கோபு. "எண்ணெ குடிச்ச தோலு. பாதி வழில மறுபடி எறங்கிடுமாம். நின்னு இன்னொரு வாட்டி முடுக்கிக்க சொன்னாரு. ஸ்பேனர நீங்களே வெச்சிக்குங்க."

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். பந்தயத்தின் பாதி வழியில் என்னை நிற்கச் சொல்வது யார்? என்னை முந்த வேண்டியவர். புருஷனும் பெண்சாதியும் சொன்னது நிஜமாகவே இருக்கட்டும், காதர் பாயின் யோசனை யாருக்கு லாபம்? ஸ்பேனரை மேஜைமேலேயே விட்டுவிட்டு அன்று மாலை வேலூருக்குக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் கோட்டை அகழிக்கு எதிரே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். ஜும்மா தொழுகைக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று கொடி பிடித்தவர் அவசரப்படுத்தினார். நான் நீலப் பெனியனில் இருந்தேன். குடியாத்தத்து நெசவாளி ஒருவர் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்திருந்தார். பார்த்துச் சிரித்தவர்கள் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். விரிஞ்சிபுரத்துக் கோபுரம் கண்ணில் படும்போது முன்னால் மூன்று பேர்தான் இருந்தோம். நெசவாளி, காதர் பாய், நான்.

கோபுரத்தைத் தாண்டியதும் முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கியது. கல் ரோடு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது எனக்குத் தெரிந்தது. பள்ளிகொண்டா வருவதற்குள் ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் ஊசி இறங்கிற்று. எழுந்து நின்று மிதித்தேன். எவ்வளவு தூரம் நின்றுகொண்டே போக முடியும்?

காதர் பாய் பக்கத்தில் வந்தார். "எறங்கிடுச்சா அண்ணே?"

"இல்லை."

"ஸ்பேனர் எடுத்துக்கினு வந்தீங்களா?"

"இல்லை."

அவர் தன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக் காட்டினார். "எனக்குத் தெரியும், நீங்க எடுத்துக்கினு வரமாட்டீங்க. நில்லுங்க."

"நான் நிண்டா நீங்க போயிடுவீங்க."

"நானும் நிக்கிறேன்."

"ஏன்?"

"ஏன்னா? யாக்கோபு என் தோஸ்து. நீங்க தோத்துட்டு கொழும்புக்குப் போயி, ஆம்பூர்ல எண்ணெ வுட்டு தோக்கடிச்சாங்கன்னு சொன்னா, அவன் பொழப்பு இன்னா ஆவறது? எறங்குங்க மொதல்ல."

நெசவாளி திரும்பிப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போயே போய்விட்டார். காதர் பாய் ஓரத்தில் ஒதுங்கினார். அவருடைய இரண்டு காலும் தரையில் பட்டதைப் பார்த்த பிறகுதான் நான் இறங்கினேன். அவர் ரோட்டிலேயே முழங்காலிட்டு, என் சீட்டின் மூக்குக்கு அடியில் கையை விட்டார். போன தடவை ஜெயித்தவர், இந்தத் தடவையும் ஜெயிக்க வேண்டியவர், புழுதியில் மண்டியிட்டு என் மரையை முடுக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் லுங்கி ஒரு புள்ளியாகச் சிறுத்துக்கொண்டே போயிற்று.

"உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். குதிகாலை மிதியில் வைத்தேன். கால் நேராக நீண்டது. திங்கட்கிழமை போல என் சைக்கிள் மறுபடி என்னுடையதாக இருந்தது. அவருக்கு நன்றி சொல்வதற்குப் பதிலாக, "போவம்," என்றேன்.

எதிர்க்காற்று. கொஞ்ச தூரம் அவர் முன்னால், கொஞ்ச தூரம் நான் முன்னால் என்று மாறி மாறிப் போனோம். அப்படி ஒருவர் முதுகை ஒருவர் நம்பிப் போவது எனக்குப் பழக்கமில்லை. கிளப்பிலேயே நான் தனியாக ஓட்டுகிறவன். முன்னால் போகிறவன் வேண்டுமென்றே பிரேக் பிடிப்பான் என்று எப்போதும் ஓர் இடைவெளி விடுவேன். அன்று அந்த இடைவெளியை விட்டால் நெசவாளியைப் பிடிக்க முடியாது. காதர் பாயின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி என் முன்சக்கரத்தை வைத்துக்கொண்டேன். மாதனூர்ப் பக்கம் பட்டை வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, நெசவாளி அவற்றுக்கு நடுவே வழி தேடிக்கொண்டிருந்தார். அங்கே பிடித்தோம்.

ஆம்பூர் தெரிந்ததும் நெசவாளி களைத்துப்போய்ப் பின்தங்கினார். நாங்கள் இரண்டு பேர். எனக்காக நின்றவர் கடைசியிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்று, ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தாலும், எதிர்பார்த்தேன். காதர் பாய் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. உரல் மாதிரியான அந்தத் தொடைகள் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. பாதிச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தார். மாலையை வாங்கி ஹாண்டிலில் மாட்டிவிட்டு, கைகால் கழுவத் தண்ணீரைத் தேடி மசூதிப் பக்கம் ஓடினார்.

கூட்டத்தில் யாக்கோபு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் சீட்டைத்தான் பார்த்தார். இரண்டாவதாக வந்ததில் எனக்கு அழுகை வந்தது. முப்பத்தாறு வயதில் நடுத்தெருவில் அழ முடியாது என்பதால் சோடா கேட்டேன்.

சனிக்கிழமை கட்டுகளைப் பிரித்தேன். மேலே, கீழே, நடுவே எல்லாம் பார்த்தேன். என் கைக்கு வந்த தோல்களில் அவ்வளவு சீராக முடித்தவை குறைவு. நன்றாக இருக்கிறது என்றேன். யாக்கோபு நகரவில்லை. "மனசுல எதுனா வெச்சிக்கினு சொல்றீங்களா சார்? இன்னொரு வாட்டி நடுவுல பாத்துடுங்க." இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அன்று ஞானம்மா அனுப்பிய பிரியாணியை இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

கொழும்பில் இறங்கிய மறுநாள் கிளப்புக்குப் போனேன். கப்டனும் ஐந்தாறு பேரும் இருந்தார்கள்.

"வெண்டீரோ?"

"இரண்டாவது."

"என்ன நடந்தது?"

முழங்கால் வலியைச் சொன்னேன், சீட்டுக்கு எண்ணெய் விட்டிருந்ததைச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல அவர் விடவில்லை. "எண்ணெய் பூசினவங்களோ! எனக்கு அப்பவே தெரியும். கொழும்பு ஆளை வெல்ல விடுவாங்களே?" மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். மற்றவர்கள் கிட்ட வந்தார்கள். யார் செய்தது, எப்போது செய்தது என்று கேட்டு, பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். "இது தோல்வியே இல்லை," என்றார் கப்டன். "களவு. பெனியன் உம்மட்டையே இருக்கட்டும். அடுத்த வருஷமும் நீர்தான்."

நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் நின்றால் போதும். பெனியன் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பென்றால் இந்தக் கதையை அவர்களைவிட நானே நன்றாகக் கட்டியிருப்பேன்.

"இல்லை," என்றேன். "அவை என்னை ஏமாத்தேல்லை. நோகக் கூடாது எண்டு விட்ட எண்ணெய் அது. வெண்ட மனுசன் பாதி வழியில எனக்காக நிண்டவர். அதுக்குப் பிறகும் நான்தான் தோத்தனான்."

கப்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். சரக்கைப் புகழ்கிற வியாபாரியை நான் பார்க்கிற அதே பார்வை.

"உமக்கு அங்க என்ன தந்தவங்கள்?"

"ஒண்டும் தரேல்லை."

"பிறகேன் அவங்களுக்காகக் கதைக்கிறீர்?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதை நம்பக்கூடிய ஆள் அந்த அறையில் இல்லை. பையிலிருந்து பெனியனை எடுத்து மேஜையில் வைத்தேன். கப்டன் அதை விரித்து, கிழிசல் எதையாவது மறைத்திருக்கிறேனா என்று உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார்.